கை கொடுக்காதவர்

ஆற்றில் இறங்கும்போது அவர் வேட்டியை மடித்துக் கட்டமாட்டார். அவிழ்த்து உதறி, நீளவாக்கில் மடித்துத் தலையில் உருமாலாகச் சுற்றிக்கொள்வார். பிறகு கோவணத்தோடு கரையில் கொஞ்ச நேரம் நிற்பார். அந்த உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. முழங்காலுக்குக் கீழே மட்டும் நரம்பும் எலும்பும் முறுக்கிக்கொண்டு, பழைய வண்டியின் நுகத்தடி மாதிரி இருக்கும். எழுபது வயது என்று சிலர் சொன்னார்கள், எண்பதைத் தாண்டிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அவரையே கேட்டேன். "எங்கம்மா சொல்லாமயே போயிட்டாளுங்க" என்றார்.

பெயர் எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் போய் வந்தும் கேட்கத் தோன்றவில்லை. ஆற்றைத் தாண்டுகிறவர்களுக்குத் தடம் காட்டுகிறவர் என்பதால் அந்தக் கரையில் அவரைத் தடக்காரர் என்பார்கள், நேரில் தாத்தா முறையில் அப்பாரு என்பார்கள். நானும் அப்பாரு என்றே கூப்பிட்டேன்.

நான் திருப்பூர்க்காரி. என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பின்னலில் ஒரு இழை விட்டுப்போனது, தையல் கோணிப்போனது, குண்டூசி அளவுக்கு ஓட்டை விழுந்தது என்று கழித்துப் போடுகிற பனியனை எல்லாம் செகண்ட்ஸ் என்று தனியே கட்டி வைப்பார்கள். அதில் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தாராபுரம் பஸ்ஸில் ஏறுவேன். அவிநாசிபாளையம் தாண்டி வெகுதூரம் போய் இறங்கி, காட்டுவழியே நடந்தால் அமராவதி ஆறு. ஆற்றைத் தாண்டினால் நாலைந்து சிற்றூர்கள். பாலத்தைச் சுற்றிப் போவதென்றால் அரை நாள் போய்விடும்.

கட்டிங் மாஸ்டர் பெண்டாட்டி மூட்டை தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று எங்கள் வளவில் பேசினார்கள். பேசட்டும். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. பனியன் சைஸ் நம்பரும் பஸ் போர்டும் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் பஸ் கண்டக்டரைக்கூட என் மூட்டையைத் தொட விட்டதில்லை. தலைக்கு ஏற்றுவதும் நான்தான், இறக்குவதும் நான்தான்.

அது அறுபதுகளின் கடைசி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாத சீமை. தண்ணீர் போகிற சத்தம் கேட்கும், எங்காவது ஒரு மயில் கத்தும். வயசுப் பிள்ளைகள் எல்லாம் பனியன் கம்பெனிக்கென்று திருப்பூர் வந்துவிட்டார்கள். ஊரில் இருந்ததெல்லாம் கிழடுகள்தான். ஆனால் ஒருத்தரும் சும்மா இருந்து நான் பார்க்கவில்லை. கற்றாழை நாரில் கயிறு திரிக்கிற கிழவர் ஒருவர், நடந்துகொண்டேதான் திரிப்பார். பேச வேண்டுமென்றால் நாமும் கூட நடக்க வேண்டும். எழுபத்தைந்து வயதில் ஒரு அம்மா இருபது ஆடு மேய்த்தார். ஒரு குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே என்னிடம் பனியன் விலை பேசுவார். சித்தெ உட்காருங்களேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"உக்காந்தா எந்திரிக்கோணுமல்லொ அம்மிணி. அதுக்கு நிக்கறதே சுளுவு" என்றார்.

இன்னொரு வீட்டில் ஒரு அம்மா பனியன் வாங்குவதற்கு முன்னால் உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி, தையலைத் தடவித் தடவிப் பார்ப்பார். இதில் என் பையன் தைத்தது எது என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? ஏதாவது ஒன்றை எடுத்து, இதாக இருக்கும் என்று கொடுப்பேன். அதைத்தான் வாங்குவார்.

தடக்காரருக்கு வருகிறேன்.

மேலே அணை கட்டிய பிறகு அந்த ஆற்றில் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தண்ணீர் வந்து வடிந்த பிறகும் மணல் இடம் மாறிவிடும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆள் முழுகும். செங்கல் சூளைக்காரர்கள் வண்டி வைத்து மணல் எடுத்த குழிகள் வேறு. அவர் விடியும்போதே அந்தக் கரையிலிருந்து ஒரு மூங்கில் கழியோடு இறங்குவார். அடி அடியாகக் காலால் தடவிப் பார்த்து, கெட்டி மணல் இருக்கிற வழியைக் கண்டுபிடித்து, ஆமணக்குக் குச்சிகளை வரிசையாக நட்டுக்கொண்டே இந்தக் கரைக்கு வந்து சேருவார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றால், "காலுல கேட்டுக்கறதுதானுங்க" என்பார். பிறகு பொழுது சாய்கிறவரை, போகிறவர்களைக் கூட்டிப் போய்ப் போய் வருவார். குச்சிக்குத் தண்ணீர் வருகிற பக்கமாக நடக்க வேண்டும், இறங்குகிற பக்கமாக நடக்கக்கூடாது. இதுதான் சட்டம். அறுவடையில் வீட்டுக்கு ஒரு முறம் ராகி அவருக்கு உண்டு.

முதல்நாள் நான் போனபோது தண்ணீர் தொடைவரை போய்க்கொண்டிருந்தது. தலையில் மூட்டை. நடு ஆற்றில் காலடி மணல் நழுவுகிற மாதிரி இருந்தது. முன்னால் போனவரிடம், கையை ஒருதரம் கொடுங்கள் என்று கேட்டேன். நான் அப்படி யாரிடமும் கேட்கிறவள் இல்லை.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கை குடுக்க மாட்டனுங்க அம்மிணி. கையப் புடிச்சீங்கன்னா உங்க காலு தூங்கிப்போயிருமுங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்திலேயே மீதி ஆற்றையும் தாண்டினேன். கரையேறிய பிறகுதான், காலை ஊன்றி நடந்தது நானேதான் என்று தெரிந்தது. அதன் பிறகு கேட்கவில்லை. அவரும் யாருக்கும் கை கொடுத்து நான் பார்க்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக்கூட, தன் கழியைக் கொடுத்து ஊன்றி வரச் சொன்னாரே தவிர கையைத் தரவில்லை. தானும் வாங்கமாட்டார். ஒருமுறை கரையேறுகிற வழுக்குப் பாறையில் அவர் சறுக்கி மண்டியிட்டு விழுந்தார். கயிறு திரிக்கிறவர் கையை நீட்டினார். அந்தக் கையை ஏதோ கிளை நீட்டிக்கொண்டிருப்பதைப் போல விலக்கிவிட்டு, தானே எழுந்தார்.

தண்ணீரைச் சலசலவென்று மிதிக்கிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. காலை உருவி மேலே எடுக்காமல், தண்ணீருக்குள்ளேயே தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்பார். அப்போதுதான் கீழே என்ன இருக்கிறதென்று காலுக்குத் தெரியுமாம். ஆட்டுக்காரம்மா குட்டியோடு தப்புத்தப்பென்று வருவார். "தண்ணிய எதுக்குங்க அடிக்கறீங்க, அது உங்கள என்ன பண்ணுச்சு" என்று முன்னாலிருந்து குரல் வரும். நான் நாலைந்து தடவையிலேயே பழகிக்கொண்டேன். நான் ஆற்றில் நடந்தால் சத்தம் வராது. மூட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்ததில்லை. அவர் அதைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் என்னைத்தான் எப்போதும் தனக்கு அடுத்து வரச் சொல்வார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

குச்சிகளின் நுனியில் அடையாளத்துக்கென்று பனை ஓலையைக் கீறிக் கட்டுவார். தண்ணீர் இழுத்தால் ஓலை கிழிந்து போய்விடும். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது கட்டிங்கில் விழுகிற பனியன் துண்டுகள் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஒரு துண்டை இரண்டு கையாலும் இழுத்தார், விட்டார். மறுபடியும் இழுத்தார், விட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இழுத்தா வருது, உட்டாப் போயிருது. ஆத்துக்குன்னே நெய்யறாங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் ஒரு பை வேஸ்ட் துணி. ஆற்றின் குறுக்கே வளைந்து வளைந்து போகும் அந்த வெள்ளைத் துணிகள் கரையிலிருந்தே தெரியும். அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

இப்படி ஆறு வருஷம் போனது. ஏழாவது வருஷம் ஐப்பசி.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஒரு வண்டிமாடு தடத்துக்குக் கீழ்ப்பக்கம் மணல் குழியில் இறங்கி, எடுக்க முடியாமல் செத்துப்போயிருந்தது. ஓட்டி வந்தவன் தடக்காரரைக் கேட்காமல் இறங்கியவன். நான் வியாபாரம் முடித்துக்கொண்டு பிற்பகலில் திரும்பினேன். அவர் முன்னால், அடுத்து நான், என் பின்னால் ஆட்டுக்காரம்மாவும் கயிறு திரிக்கிறவரும் இன்னும் மூன்று பேரும். தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. காலையில் குச்சி நடும்போதுதான் அவர் அடிக்கு அடி காலால் பார்ப்பார். ஆளைக் கூட்டிப் போகும்போது துணியைப் பார்த்து விறுவிறுவென்று போவார்.

நடு ஆற்றில் ஒரு குச்சியிடம் நின்றார். அடுத்ததைத் தேடுகிற மாதிரி தலையைத் தூக்கினார். பிறகு கையை நீட்டி, "அதா, அந்த வெள்ளைக்குத் தண்ணி வர்ற பக்கமாப் போயிரலாமுங்க" என்றார்.

அவர் காட்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது உண்மை. ஆனால் அது துணி இல்லை. ஒரு கொக்கு. மீனுக்காகத் திட்டில் ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. நான் கட்டக் கொடுத்த துணி தண்ணீர் வருகிற பக்கமாக, அதிலிருந்து பத்து முழம் தள்ளி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கொக்கை நோக்கி நாலு அடி வைத்துவிட்டார். நான் அப்பாரு என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் கொக்கு இறக்கையை விரித்துக்கொண்டு எழுந்து போனது.

அவர் நின்றுவிட்டார். மூங்கில் கழியை முன்னால் ஊன்றினார். கழி போனது, போய்க்கொண்டே இருந்தது, அவர் கைப்பிடி தண்ணீரில் முழுகுகிறவரை போனது. அடி தட்டவில்லை. மாடு செத்த குழி.

கழியை உருவிக்கொண்டு, திரும்பாமலேயே, "சித்தெ நில்லுங்க. காலுல கேட்டுட்டு வர்றேன்" என்றார். பக்கவாட்டில் அடி அடியாகத் தடவி நடந்து, துணி கட்டிய குச்சியைக் கையால் தொட்ட பிறகு எங்களைக் கூப்பிட்டார். பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் வழி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். குட்டி நனைகிறது, சீக்கிரம் போகலாம் என்று ஆட்டுக்காரம்மா சலித்துக்கொண்டார். கரையேறினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

அந்தப் பதினைந்து நாளும் எனக்கு அதே நினைப்பு. ஊரில் சொன்னால் அவரை ஆற்றில் இறங்க விடமாட்டார்கள். ஆறு இல்லாமல் அந்த மனுஷன் என்ன செய்வார்? சொல்லாவிட்டால் அடுத்த கொக்கு பறக்காமல் நின்றுகொண்டே இருக்கலாம். யோசித்து யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தேன். கடையில் சிவப்புச் சாயம் வாங்கி வந்து, ஒரு பை வேஸ்ட் துணியைப் பழைய அலுமினியக் குண்டாவில் போட்டுக் காய்ச்சினேன். குண்டா பாழ். என் இரண்டு கையும் மூன்று நாளைக்குச் சிவப்பு. இதென்ன கூத்து என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒரு சோலி இருக்கிறது என்றேன். யாரிடமும் சொல்லாமல், யாரையும் தலைகுனிய வைக்காமல் முடித்துவிட்டேன் என்று எனக்குள் நல்ல கர்வம்.

அடுத்த நடை போனபோது, இந்தக் கரையில் மருதமரத்தடியில் நாலைந்து பேர் அக்கரை போகக் காத்திருந்தார்கள். சந்தையில் ஆடு விற்றுவிட்டு வந்த ஆட்டுக்காரம்மாவும் கயிறு திரிக்கிறவரும் இருந்தார்கள். தடக்காரர் கொஞ்சம் தள்ளி ஆமணக்குக் குச்சி சீவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பையைக் கொடுத்தேன்.

அவர் ஒரு துண்டை எடுத்தார். எப்போதும் போல இழுத்தார், விட்டார். பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மொரமொரன்னு இருக்குதுங்க அம்மிணி."

"சாயம் போட்டதுங்க. செவப்பு" என்றேன்.

அவர் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். "செவப்புல கொக்கு இல்லீங்களா" என்றார்.

நான் விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"யாருகிட்டயும் சொல்லுலீங்க அப்பாரு. இனியும் சொல்ல மாட்டனுங்க."

அவர் முகம் மாறியது. நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடும். "சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். "உங்க பொறகால அஞ்சு பேரு வந்தாங்க. கொக்குப் பறக்குலீன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. என் கையில் நகக்கண்ணில் இன்னும் சாயம் போகவில்லை. பதினைந்து நாள் தூக்கமில்லாமல் யோசித்து, ஒரு குண்டாவைப் பாழாக்கிச் செய்த காரியத்துக்கு இதுவா பேச்சு என்று தோன்றியது. மூட்டையை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிசகு இல்லை. அந்த ஐந்து பேரை நான் நினைக்கவே இல்லை. நான் நினைத்ததெல்லாம் அவரை மட்டும்தான். அவரை என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரிடமும் கை நீட்டாத ஒரு ஆள், கை நீட்ட நேர்வதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான்.

அவர் எழுந்து மருதமரத்தடிக்குப் போனார். காத்திருந்தவர்களுக்கு முன்னால் நின்றார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. நாளைக்குத் தண்ணீர் வரும் என்று சொல்கிற மாதிரியே சொன்னார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க, இத்தன நாளு சொல்லாம இருந்துட்டேன். பதினஞ்சு நாளைக்கு முந்தி உங்கள்ல சில பேர மாடு செத்த குழிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். குச்சி நடறதுக்குக் காலு இருக்குது, அத நட்டுப்போடறனுங்க. முன்னால போறதுக்கு வேற ஆளு வேணும்."

கயிறு திரிக்கிறவரின் கை முதன்முறையாக நின்றது. பிறகு ஆட்டுக்காரம்மாதான் வாயைத் திறந்தார்.

"அதுதானுங்களா, போன மாசம் என்ற கெடாய உங்குளுதுன்னு ஓட்டிட்டுப் போனது. நாங்கூட எம்மேல ஏதோ ஆசைன்னு நெனச்சுப்போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். ஆனால் சிரித்து முடித்த பிறகு, யார் முன்னால் போவது என்ற கேள்வி அப்படியே நின்றது. ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த எல்லோரும் வருஷக்கணக்காக அவர் முதுகைப் பார்த்தே ஆற்றைத் தாண்டியவர்கள். ஒருத்தரும் முதல் அடி வைக்க முன்வரவில்லை.

"இன்னைக்கு அம்மிணி போவட்டும்" என்றார் அவர்.

நான் வெளியூர்க்காரி, என்னிடம் இதை விடுகிறீர்களே என்றேன். "உங்க காலு தூங்காதுங்க" என்று பதில் வந்தது. மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டேன். அவர் வேட்டியை அவிழ்த்து உருமால் கட்டினார். சிவப்புத் துண்டுகளை அதில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டார். காலையில் நட்ட குச்சிகளில் இன்னும் வெள்ளைதான் இருந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். வெயிலில் அந்தச் சிவப்பு, தலையில் நெருப்பு வைத்த மாதிரி தெரிந்தது.

இறங்கினோம். தண்ணீர் தொடை அளவு. முன்னால் ஆள் முதுகு இல்லாமல் ஆற்றைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆறு அத்தனை அகலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் குச்சி, இரண்டாவது குச்சி என்று தாண்டினேன். வளைவு வருகிற இடம் வந்தது. இடது பக்கம் பத்து முழத்தில் அந்தக் குழி. திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு நேர் பின்னால் இல்லை. ஒரு அடி விலகிப் போயிருந்தார், குழி இருக்கிற பக்கமாக. கழியால் தடவி, தலையைச் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றார்.

ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவர் பக்கமாக நீட்டினேன். நான் அப்படி யாருக்கும் நீட்டுகிறவள் இல்லை.

"இந்தக் கையப் புடிச்சுக்குங்க அப்பாரு."

"வேண்டாமுங்க. கையப் புடிச்சா என்ற காலு தூங்கிப்போயிரும்."

"பொறகு எப்படி வருவீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். கேட்க வராத வாய் அது.

"நீங்க சத்தமே இல்லாமப் போறீங்க அம்மிணி. தண்ணிய மிதிச்சுப் போங்க. அதக் கேட்டுட்டு வந்தர்றேன்."

கையை இழுத்துக்கொண்டேன். திரும்பி, காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, ஓங்கி வைத்தேன். தண்ணீர் முகத்தில் தெறித்தது. அடுத்த அடியும் அப்படியே வைத்தேன். பின்னால் கழி ஊன்றுகிற சத்தம் தடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆட்டுக்காரம்மா, தண்ணி உன்னை என்ன பண்ணிச்சு அம்மிணி என்று சிரித்தார். என் புடவை நனைந்தது, ரவிக்கை நனைந்தது, ஏழு வருஷத்தில் ஒரு சொட்டுப் படாத மூட்டையும் நனைந்தது. அக்கரை மணல் காலில் தட்டுகிறவரை நான் ஒரு அடியைக்கூட மெதுவாக வைக்கவில்லை.